எஸ்தோனியச் சூழலியல் சொற்கள்: ஆங்கிலத்தில் ஒன்று, அங்கே மூன்று

#1 ஊசியிலை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் சதுப்பு நில நீரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினாலும் கடைசியில் எஸ்தோனிய மொழியில் ஒரு சுருக்கம் சேர்க்க வேண்டும். எனக்கு அந்த மொழி கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் வரும். அதனால் ஆய்வகத் தோழி ஒருவர் மொழிபெயர்த்துத் தருகிறார்.

தொல்லை என்னவென்றால், பத்திக்கு நாலு கேள்வி கேட்கிறார். "வாட்டர் பாடி என்று எழுதியிருக்கிறாயே, வேகொகுவா வேகொகுமா?" "வேஸ்ட் வாட்டர் என்றால் சுத்திகரிப்புக்கு முன்பா பின்பா?" "வாட்டர்ஷெட் என்பது நிலப்பரப்பா, எல்லைக்கோடா?" "சாயில் என்றால் முல்த்தா பின்னஸா?" இதில் பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சுமார் 11 லட்சம் பேர் பேசும் மொழி இது. அறிவியலுக்கு ஆங்கிலம்தான் துல்லியம் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். எஸ்தோனியாவில் இருந்தவர்கள், மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எஸ்தோனியம், ஆங்கிலம் இரண்டையும் வைத்து ஒரு சொற்பட்டியல் சேர்க்க வேண்டும்.

#2 நீர்க்கணக்கு

தம்பி, நான் தாலினில் நீர்த்திட்ட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவன். நீங்கள் கேட்ட நாலும் என் பேட்டையைச் சேர்ந்தவை, சொல்கிறேன்.

வேகொகு என்பது ஏரி, ஆறு, குளம் என்று கண்ணால் பார்க்கிற நீர்நிலை. வேகொகும் என்பது கணக்குக்காக வகுத்த அலகு. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் கொண்டுவந்த நீர்க் கட்டமைப்பு ஆணையில் ஒரே ஆற்றை நாலு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நல்ல நிலை, மோசமான நிலை என்று தனித்தனியாகத் தரம் போடலாம். அந்தத் துண்டுதான் வேகொகும். நிலத்தடி நீருக்கும் இதே கதை. ஆங்கில மூலத்தில் ஏரிக்கும் துண்டுக்கும் வாட்டர் பாடி என்ற ஒரே பெயர். 'கொகும்' புதிதாகச் செய்த சொல்லும் இல்லை. புள்ளியியலில் தொகுதி என்ற பொருளில் முன்பே இருந்தது. அதை நீரோடு சேர்த்துவிட்டார்கள், தீர்ந்தது வேலை.

வேஸ்ட் வாட்டர்: வீட்டிலிருந்தும் ஆலையிலிருந்தும் வருகிற, இன்னும் சுத்திகரிக்க வேண்டிய நீர் ரெயோவெசி. சுத்திகரித்து வெளியே விடுவது ஹெய்த்வெசி. அது போய்ச் சேரும் ஆறோ கடலோ ஸூப்லா. இது பேச்சுவழக்கு வேறுபாடு இல்லை, நீர்ச் சட்டத்தில் வரையறையே உண்டு. அனுமதிப் பத்திரத்தில் மாற்றி எழுதினால் 'சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டோம்' என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் அலுவலகத்தில் ஆங்கில அறிக்கையிலிருந்து எஸ்தோனியத்துக்கு மாற்றும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதற்காகவே உட்கார்ந்து பார்ப்பார்.

வாட்டர்ஷெட் இருக்கிறதே, அது ஆங்கிலத்தின் சொந்தக் குழப்பம். பிரிட்டன்காரர்களுக்கு அது இரண்டு ஆறுகளின் நீர் பிரிகிற மேட்டு வரி. அமெரிக்கர்களுக்கு மழைநீர் வடிந்து சேருகிற மொத்த நிலப்பரப்பு. எஸ்தோனியத்தில் வரி வேலஹெ, பரப்பு வல்கலா. வெசிகொண்ட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது நிர்வாக வசதிக்காகப் பல வல்கலாக்களைச் சேர்த்த ஆற்றுப்படுகை மாவட்டம். நாடு முழுக்க மூன்றுதான்: கிழக்கு எஸ்தோனியா, மேற்கு எஸ்தோனியா, கொய்வா.

முல்த் உழுகிறவனின் மண், பின்னஸ் அஸ்திவாரம் தோண்டுகிறவனின் மண். மண்ணில் நச்சுப்பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு சொல்லும் விதியில் பின்னஸ் என்றுதான் வரும். நீங்கள் வேர், மட்கு, நுண்ணுயிர் பற்றி எழுதியிருந்தால் முல்த்.

#3 பழம்பஞ்சாங்கம்

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் பேசுகிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 11 லட்சம் பேருக்காக ஒரு தனி அறிவியல் மொழியைக் கட்டிக் காப்பது வீண் செலவு இல்லையா? கட்டுரை எல்லாம் ஆங்கிலத்தில், மாநாடு ஆங்கிலத்தில், வேலை ஆங்கிலத்தில். போதாக்குறைக்கு அந்த நாட்டில் யோஹன்னெஸ் ஆவிக் என்று ஒருவர் இருந்தாராம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று வேரே இல்லாத சொற்களைச் செய்து ஊருக்குக் கொடுத்தாராம். அப்படிப் பிறந்த சொல்லில் நைட்ரேட் அளவை எழுதினால் யாருக்கு லாபம்?

#4 முகிலினி

ஐயா, ஆவிக் (1880–1973) அப்படிச் செய்தது உண்மை. ஆயுதத்துக்கு 'ரெல்வ்', குற்றத்துக்கு 'ரொய்ம்' என்று அவர் கொடுத்தவை இன்று எல்லார் வாயிலும் இருக்கின்றன. அது ஒரு மருங்கு. அறிவியல் சொற்களின் கதையில் பெரிய ஆள் வேறொருவர், யோஹன்னெஸ் வோல்தெமார் வெஸ்கி (1873–1968). ஆவிக்கும் அவரும் எதிரெதிர்க் கட்சி. வெஸ்கிக்கு அந்தரத்திலிருந்து சொல் எடுப்பது பிடிக்காது. இருக்கிற வேர், இருக்கிற விகுதி, இரண்டையும் பூட்டு. வேதியியலாளர், மருத்துவர், பொறியாளர் என்று ஒவ்வொரு துறை ஆட்களோடும் மேசையில் உட்கார்ந்து துறைவாரியாகச் சொற்பட்டியல் போட்டவர்.

1919 டிசம்பர் 1 முதல் தார்த்துப் பல்கலைக்கழகம் எஸ்தோனியத்தில் பாடம் நடத்தத் தொடங்கியது. அதற்கு முன் ஜெர்மனும் ரஷ்யனும்தான். மறுநாள் வகுப்பில் பேராசிரியர் சொல்ல வேண்டிய சொல் கையில் இருக்க வேண்டும் என்ற அவசரத்தில் செய்த வேலை அது.

விகுதிகளைப் பாருங்கள். '-ஸ்திக்' சேர்த்தால் கூட்டம்: தாய்ம் செடி, தாய்மெஸ்திக் தாவரத் தொகுதி, லோம் விலங்கு, லோமஸ்திக் விலங்குத் தொகுதி, ஸார் தீவு, ஸாரெஸ்திக் தீவுக்கூட்டம். '-லா' சேர்த்தால் இடம்: ஹாய்கெ நோயாளி, ஹாய்க்லா மருத்துவமனை; ப்ரூகி குப்பை, ப்ரூகிலா குப்பைக் கிடங்கு. நீர்க்கணக்கு அண்ணா சொன்ன ஸூப்லாவும் இந்த வகைதான். பள்ளிக் குழந்தை ஒரு சொல்லை முதல்முறை கேட்கும்போதே பாதி புரிந்துவிடும். '-நிக்' சேர்த்தவை ஐயாவுக்கே பிடிக்கும்: வெசி தண்ணீர், வெசினிக் ஹைட்ரஜன், ஸூசி கரி, ஸூசினிக் கார்பன், ஹப்பு புளிப்பு, ஹப்னிக் ஆக்சிஜன்.

#5 பழம்பஞ்சாங்கம்

அம்மா, கடைசி உதாரணத்திலேயே மாட்டிக்கொண்டீர்கள்! ஆக்சிஜன் இருந்தால்தான் அமிலம் என்பது பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவின் தவறான முடிவு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது. அதை 1810இலேயே ஹம்ஃப்ரி டேவி காட்டிவிட்டார். எஸ்தோனியக் குழந்தைகள் இன்னும் 'புளிப்பாக்கி' என்றே படித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரிலேயே தெரிகிற பொருள் தப்பாகிவிட்டால் ஆயுளுக்கும் அந்தத் தப்பைச் சுமக்க வேண்டியதுதான்.

#6 முகிலினி

ஆக்சிஜன் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அதே பொருள்தானே ஐயா. 'அமிலத்தைப் பிறப்பிப்பது'. ஆங்கிலக் குழந்தைக்குக் கிரேக்கம் தெரியாததால் தப்பு மறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

#7 பழம்பஞ்சாங்கம்

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். செலவு பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.

#8 ஊசியிலை

நீர்க்கணக்கு அண்ணா, பெரிய உதவி. இனி என் பேட்டை, சதுப்பு நிலம். இதில் எஸ்தோனியர்களோடு போட்டி போட முடியாது. நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பீட் மண் நிலம். பீட் என்பது சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடமாக முழுதும் மட்காமல் படிந்த பாசியும் செடியும்.

பொதுச்சொல் 'ஸோ'. பீட் படிவு குறைந்தது 30 சென்டிமீட்டர் இருந்தால்தான் இங்கே அதற்கு அந்தப் பெயர். நிலத்தடி நீரை நம்பி வாழ்வது மதல்ஸோ, அதாவது தாழ் ஸோ. பீட் வளர்ந்து வளர்ந்து நிலத்தடி நீர் எட்டாத உயரத்துக்குப் போய், இனி மழைநீர் மட்டுமே கதி என்றானது ரபா. இரண்டுக்கும் நடுவில் மாறிக்கொண்டிருப்பது ஸீர்தெஸோ. ஆங்கிலத்தில் முறையே ஃபென், போக், டிரான்சிஷன் மயர். எல்லாவற்றுக்கும் பொதுவாக மயர் என்ற சொல் ஆய்வாளர்களிடம் உண்டு. ஆனால் சாதாரண ஆங்கில வாசகருக்கு போக், மார்ஷ், ஸ்வாம்ப் எல்லாம் கால் புதைகிற இடம் என்பதோடு சரி. எஸ்தோனியாவில் எங்கள் விடுதிக் காவலருக்குக்கூட ரபா வேறு, மதல்ஸோ வேறு. கிளவுட்பெர்ரி பறிக்க எங்கே போக வேண்டும் என்று தெரிந்தாக வேண்டுமே!

ரபாவுக்குள் போனால் இன்னும் நுணுக்கம். எந்த்லா காப்பகத்தில் மேன்னிக்யேர்வெ என்ற ரபாவில் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் நின்று பார்த்தால், கரை செங்குத்தாக இறங்கி, தேநீர் நிறத்தில் கறுத்துக் கிடக்கும் குளங்கள் தெரியும். அவை லௌகஸ். அவற்றுக்குப் பக்கத்திலேயே வெளிர்பச்சைப் பாசி மெத்தென்று விரித்த, தண்ணீர் மேலே தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் பள்ளங்கள் ஏல்வெஸ். காலை வைத்தால் முழங்கால் வரை போகும். இரண்டுக்கும் இடையே குட்டைப் பைன் மரமும் ஹெதர் புதரும் நிற்கும் வரப்பு பேனர். தோட்டத்தில் பாத்திக்குச் சொல்லும் அதே சொல்தான். என் ஏட்டில் ஏல்வெஸுக்கு ஹாலோ என்று எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் அது வெறும் பள்ளம், பாசி இருக்கிறதா தண்ணீர் இருக்கிறதா என்று அதிலிருந்து தெரியாது.

கொதுஸோ என்று ஒன்றும் உண்டு. வாய்க்கால் வெட்டி வடித்ததால் பீட் மட்கத் தொடங்கிய பழைய ஸோ. ஆங்கிலத்தில் 'வடிக்கப்பட்ட பீட்லேண்ட்' என்று இரண்டு சொல் வேண்டும். சோவியத் காலத்தில் வெட்டிய வாய்க்கால்களின் புண்ணியத்தில் இப்படிப்பட்டவை ஏராளம்.

இத்துறையில் விக்தோர் மாசிங் (1925–2001) என்ற சதுப்பு நில அறிஞர் பெயர் எங்கே போனாலும் வரும். அவர் தொகுத்த சூழலியல் கலைச்சொற்களஞ்சியம் 1992இல் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் அதன் முதுகுத்தாள் கிழிந்து நாடா ஒட்டிய பிரதி ஒன்று இருக்கிறது. யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடை.

#9 பொள்ளாச்சி_மணி

குறுக்கே வருகிறேன். நாங்கள் தென்னை நார்த்தூளைக் கட்டியாக்கி ஐரோப்பிய நாற்றுப்பண்ணைகளுக்கு அனுப்புகிறோம். அதற்குப் பெயர் கோகோபீட். பீட் என்றால் சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் கிடந்த பாசி என்று இன்றுதான் சரியாகப் புரிந்தது. எங்கள் சரக்கில் பீட் ஒரு துளிகூட இல்லை!

#10 ஊசியிலை

ஆமாம் அண்ணா. இங்கே பீட்டுக்கு துர்வஸ். எஸ்தோனியா அதைத் தோண்டி ஏற்றுமதி செய்கிற நாடு. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் அது வளரும். அதனால்தான் உங்கள் சரக்குக்குக் கிராக்கி.

#11 தாலின்_குளிர்

மென்பொருள் ஆள். சூழல் அனுமதி விண்ணப்ப அமைப்பு ஒன்றில் வேலை செய்ததால் இந்தச் சொற்களோடு தினமும் மல்லுக்கட்டியவன்.

சுற்றுச்சூழலுக்கு இங்கே கெஸ்க்கொண்ட். 'கெஸ்க்' நடு, '-கொண்ட்' தொகுதி விகுதி. கணினியில் நாம் சொல்லும் டெவலப்மெண்ட் என்விரான்மெண்ட்டுக்கும் இதே சொல். 'சோதனைக் கெஸ்க்கொண்டில் பிழை' என்று கடிதம் வந்ததைப் பார்த்து, சூழல் துறையிலிருந்து வந்த புது அதிகாரி எங்கோ எண்ணெய்க் கசிவு என்று பதறியதை நேரில் பார்த்தேன்.

உண்மையான தலைவலி சஸ்டெய்னபிள் என்ற ஒரே சொல்தான். அதற்கு மூன்று எஸ்தோனியச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, மூன்றும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

முதலில் சேஸ்தெவ். 'சேஸ்த்மா' என்றால் சிக்கனமாகச் செலவழிப்பது, மிச்சம் பிடிப்பது. 1995இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே சேஸ்தெவ் வளர்ச்சிதான். இந்தச் சொல்லில் ஒரு கட்டளை இருக்கிறது: குறைவாக எடு. அப்புறம் வணிக உலகமும் அரசியலும் யேத்குஸூத்லிக்கைப் பிடித்துக்கொண்டன. தொடர்ந்து ஓடும் திறன் உள்ளது என்று பொருள். இதில் கட்டளை எதுவும் இல்லை. லாபத்தில் ஓடும் நிலக்கரிக் கம்பெனிகூட இந்தப் பொருளில் யேத்குஸூத்லிக்தான். இப்போது மொழி வல்லுநர்கள் கெஸ்த்லிக் பக்கம் சாய்கிறார்கள். 'நீடிக்கக்கூடியது', குட்டையான சொல், இலக்கணத்திலும் உறுத்தாது. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளுக்குப் புதிய ஆவணங்களில் இதைத்தான் பார்க்கிறேன்.

பழைய அறிக்கையை எஸ்தோனியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். எந்த ஆண்டில், எந்தத் தரப்பு எழுதியது என்ற தடயம் போய்விடும். எனக்கு சேஸ்தெவ்தான் பிடிக்கும், அதைக் கைவிட்டது தவறு என்று நினைக்கிறேன். அது சொந்தக் கருத்து.

இன்னொன்று. 2023 ஜூலை 1 முதல் இங்கே சுற்றுச்சூழல் அமைச்சகம் என்ற பெயரே இல்லை, அது பருவநிலை அமைச்சகமாகிவிட்டது. காட்டையும் சதுப்பையும் பறவையையும் பார்க்கிற துறையின் பெயரில் வெறும் கிளீமா! சூழலியலாளர்கள் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை.

#12 நீர்க்கணக்கு

ஆங்கிலம் சறுக்கும் இடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்லவா? வடகிழக்கு எஸ்தோனியாவில் தோண்டும் எரிபொருள் பாறைக்கு அவர்கள் வைத்த பெயர் பொலெவ்கிவி, 'எரியும் கல்'. ஊர்க்காரன் பார்த்ததைச் சொன்னான், அவ்வளவுதான். பழுப்பாக, கையில் கனமில்லாமல் இருக்கும். தீக்குச்சி காட்டினால் மெல்லிய சில்லு புகையோடு பிடித்துக்கொள்ளும். கருகின ரப்பர் வாடை வரும்.

ஆங்கிலத்தில் இதற்கு ஆயில் ஷேல். உள்ளே எண்ணெய் கிடையாது, கெரோஜன் என்ற திடக் கரிமப் பொருள்தான் இருக்கிறது. 500 டிகிரி வாக்கில் காற்றில்லாமல் சுட்டால்தான் எண்ணெய் வரும். எஸ்தோனியப் பாறை பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்த வகை என்பதால் கறாரான புவியியலாளர்கள் அதை ஷேல் என்று சொல்லவும் தயங்குவார்கள். ஆக இரண்டு சொல்லும் பொருந்தவில்லை. அந்த எண்ணெய்க்கு ஷேல் ஆயில் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அமெரிக்காவில் பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எடுக்கிற, ஏற்கெனவே திரவமாக இருக்கும் எண்ணெய்க்கும் பத்திரிகைகள் ஷேல் ஆயில் என்றே எழுதத் தொடங்கின. அதிலிருந்து எஸ்தோனியா பற்றிய ஆங்கிலச் செய்திகளில் பாதி குழப்பம். எஸ்தோனியத்தில் இந்தச் சண்டையே இல்லை: எரியும் கல், எரியும் கல்லின் எண்ணெய். அமெரிக்க வகை வாயுவுக்கு கில்தகாஸ் என்று தனிப்பெயர்.

சர்வதேசப் பெயரும் அங்கிருந்து போனதுதான். இந்த வகைப் பாறைக்கு உலகம் முழுக்க குக்கெர்சைட் என்று பெயர், குக்ருசெ என்ற ஊரின் ஜெர்மன் வடிவத்திலிருந்து வந்தது. 1916இல் அங்கே சுரங்க வேலை தொடங்கியது. பக்கத்தில் கிவியொலி என்றே ஒரு நகரம், 'கல்லெண்ணெய்'. அங்கே எண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய சாம்பல் கழிவு மலையாகக் குவிந்து, இப்போது குளிர்காலத்தில் அதன்மேல் பனிச்சறுக்கு விடுகிறார்கள். தோண்டி முடித்த நிலத்தைத் திரும்பச் சீர்செய்வதற்குச் சட்டத்தில் உள்ள சொல் 'கொர்ரஸ்தமினெ'. அறையை ஒழுங்குபடுத்துவதற்கும் அதேதான். கொஞ்சம் அடக்கமான சொல், அந்த மலைகளைப் பார்த்தால் தெரியும்.

#13 பழம்பஞ்சாங்கம்

எல்லோரும் ஒரே பக்கம் தராசை இழுக்கிறீர்கள். மறுபக்கத்துக்கு நான் ஒரு கல் வைக்கிறேன். என் மருமகள் அங்கே பறவைக் கணக்கெடுப்பில் இருக்கிறாள், அவளிடம் கேட்டேன். எஸ்தோனியத்தில் 'காய்த்ஸெ' என்ற ஒரே சொல் பாதுகாப்பு முழுவதையும் சுமக்கிறதாம். இயற்கைப் பாதுகாப்பு லோதுஸ்காய்த்ஸெ, சூழல் பாதுகாப்பு கெஸ்க்கொன்னகாய்த்ஸெ, ராணுவ அமைச்சகம்கூட காய்த்ஸெ. ஆங்கிலத்தில் கன்சர்வேஷன் வேறு, பிரிசர்வேஷன் வேறு. பயன்படுத்திக்கொண்டே காப்பதா, கையே வைக்காமல் விடுவதா என்று அமெரிக்காவில் வனத்துறைத் தலைவர் கிஃபர்ட் பின்ஷோவும் இயற்கை ஆர்வலர் ஜான் ம்யூரும் மோதிய மோதலே அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கும். அதை எஸ்தோனியத்தில் எப்படிச் சொல்வீர்கள்? வால்போல் ஒரு விளக்க வாக்கியம் ஒட்ட வேண்டும். 1910இலேயே வைக்கா தீவுகளில் பறவைக் காப்பகம் அமைத்த நாடு, நூறு வருடத்துக்குப் பிறகும் இதைப் பிரிக்கவில்லை.

#14 முகிலினி

ஐயா சொன்னது சரியான இடி. மருமகளிடம் கேட்டு வந்ததற்காகவே ஒரு கும்பிடு.

எந்தச் சமூகத்துக்கு எதில் சண்டை வந்ததோ அங்கே சொல் பிரியும் என்று தோன்றுகிறது. யாக்கோப் ஃபொன் யூக்ஸ்க்யூல் 1864இல் எஸ்தோனியாவில் கெப்லஸ் என்ற பண்ணையில் பிறந்த உயிரியலாளர். ஒவ்வொரு உயிரும் தன் புலன்களுக்கு எட்டும் உலகத்தில்தான் வாழ்கிறது என்றார். உண்ணிக்குத் தெரிவது பாலூட்டித் தோலின் வாடையும் உடம்புச் சூடும்தான், காட்டின் பசுமை அதன் உலகத்தில் இல்லை. இதற்கு ஜெர்மன் மொழியில் அவர் வைத்த பெயர் உம்வெல்ட். பிறகு ஜெர்மன்காரர்கள் சுற்றுச்சூழல் முழுவதற்கும் உம்வெல்ட் என்றே புழங்கிவிட்டதால் அவருடைய பொருள் மங்கிப்போனது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க முடியாமல் ஜெர்மன் சொல்லையே சாய்வெழுத்தில் போடுகிறார்கள். எஸ்தோனியத்தில் கெஸ்க்கொண்ட் பொதுச் சூழலுக்கு, யூக்ஸ்க்யூல் சொன்னதற்கு ஒமாஇல்ம், 'தன் உலகம்'. தார்த்தில் குறியியல் படிப்பவர்கள் இதைச் சரளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

அப்புறம் மேய்ச்சல் நிலம். கடலோரப் புல்வெளி, மரங்கள் ஊடே நிற்கும் வைக்கோல் வெளி, சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்த வெளி எல்லாம் மனிதன் அறுத்தும் மாடு மேய்த்தும் உண்டானவை. அறுக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் புதர் மூடிவிடும். ஆங்கிலம் இவற்றை 'பாதி இயற்கை' வாழிடங்கள் என்கிறது. எஸ்தோனியத்திலும் அதன் நேர்ச்சொல் உண்டு. ஆனால் மக்களிடம் பரவியது பேரண்ட்கோஸ்லுஸ், 'மரபாக வந்த உயிர்ச்சமூகம்'. பாதி இயற்கை என்று கேட்டால் ஏதோ குறைபட்ட பொருள் மாதிரி இருக்கிறது. மரபு என்று கேட்டால் தாத்தாவின் அரிவாளைக் கையில் எடுக்கத் தோன்றும். லயெலத்து என்ற இடத்தில் மரங்கள் நிற்கும் புல்வெளியில் ஒரே சதுர மீட்டரில் 76 வகைச் செடிகளை எண்ணியிருக்கிறார்கள். அறுப்பு நின்றால் அந்த எண்ணிக்கை நிற்காது. பல்லுயிர் வளத்துக்கு அவர்கள் சொல்வது எலுரிக்குஸ், 'உயிர்ச்செல்வம்'. ரிக்குஸ் என்றால் செல்வமே.

#15 அறிவழகன்_87

தமிழிலும் இப்படி எல்லாச் சொல்லும் இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. உயிர்வளி, நீரகம், கரிமம்...

#16 நெறியாளர்

தமிழ்க் கலைச்சொல் பற்றி ஏற்கெனவே பெரிய இழை ஓடுகிறது, அங்கே தொடருங்கள். இங்கே எஸ்தோனியம், ஆங்கிலம் மட்டும்.

#17 தாலின்_குளிர்

சொல் அழகாக இருப்பதாலேயே நேர்மையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். காட்டுக்கு வாருங்கள். ஒரு துண்டுக் காட்டை ஒரேயடியாக வெட்டுவது லகெராயெ, 'வெட்டவெளி வெட்டு'. ஆங்கிலத்தில் கிளியர்கட். கேட்டவுடன் காட்சி புரியும். ஆனால் வனச் சட்டத்தில் இது ஊவெந்துஸ்ராயெ என்ற பெரிய தலைப்பின் கீழ் வருகிறது. பொருள் 'புதுப்பிப்பு வெட்டு'. துறைக்காரர்களுக்கு அது நியாயமான கலைச்சொல்: வெட்டியபின் புதுக்காடு வளர்க்க வேண்டும், அதனால் புதுப்பிப்பு. வெட்டுக்கு எதிராகக் கொடி பிடிப்பவர்களுக்கு அது சர்க்கரை தடவிய சொல். காட்டுப் போர் என்றே பேர் வைத்து இங்கே பல வருடமாகச் சண்டை நடக்கிறது. ஒரே இடத்தைப் பற்றிய இரண்டு கட்டுரைகளில் யார் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தாலே கட்சி தெரிந்துவிடும்.

அதற்கு நேர்மாறாக ஒரு நல்ல சொல்: வேரிஸ்எலுபாய்க், 'மதிப்புமிக்க வாழிடம்'. பழைய மரம், பட்டுப்போன மரம், அரிய பூஞ்சை இருக்கிற சிறு காட்டுத் துண்டு. ஆங்கிலத்தில் வுட்லேண்ட் கீ ஹேபிடட் என்று மூன்று சொல், கேட்டால் அலுவலகக் கோப்பு நினைவுக்கு வரும்.

சூழல் சொல் இங்கே வல்லுநர்களோடு நின்றுவிடவில்லை என்பதையும் ஐயாவுக்குச் சொல்ல வேண்டும். 1987இல் மாஸ்கோ புதிய பாஸ்போரைட் (உரம் செய்யும் பாறை) சுரங்கம் தோண்டத் திட்டமிட்டபோது நாடே எதிர்த்தது. அதற்கு மக்கள் வைத்த பெயர் 'பாஸ்போரைட் போர்'. நிலத்தடி நீர் கெடும் என்பதை ரயில் நிலையத்தில் நின்றவர்கூடப் பேசினார். விடுதலை இயக்கத்தின் முதல் அலை அதுதான். சொந்த மொழியில் அந்தச் சொற்கள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு ஆய்வகத்துக்குள்ளேயே கிடந்திருக்கும். நீங்கள் கேட்ட செலவுக்கு என் கணக்கு இது.

#18 பழம்பஞ்சாங்கம்

இது கனமான வாதம். செலவு வீண் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஆராய்ச்சியாளன் இரண்டு மொழிச் சுமையைத் தூக்க வேண்டும் என்பது மாறவில்லை, அது ஊசியிலைத் தம்பியைக் கேட்டால் தெரியும்.

#19 ஊசியிலை

சுமைதான் ஐயா. ஆனாலும் பலன் வந்துவிட்டது. நேற்று தோழியோடு உட்கார்ந்து முடித்தோம். வாட்டர் பாடி வந்த இடங்களில் பெரும்பாலானவை வேகொகு, தரவு அட்டவணை வரும் ஒரே பத்தியில் மட்டும் வேகொகும். வாட்டர்ஷெட்டை ஆங்கில ஏட்டிலேயே கேட்ச்மெண்ட் என்று மாற்றிவிட்டேன், வழிகாட்டியும் சரி என்றார். சாயில் எல்லாம் முல்த், வாய்க்கால் கரை இடிவதைப் பற்றிய இடத்தில் பின்னஸ். ஹாலோவுக்குப் பக்கத்தில் ஏல்வெஸ் என்ற சொல்லையே ஆங்கில ஏட்டில் போட்டு, முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்திருக்கிறேன். சந்தேகம் வந்த சொற்களை எஸ்தோனிய மொழி நிறுவனத்தின் சொனவேப் தளத்தில் சரிபார்த்தோம். துறைச் சொற்களும் அங்கேயே கிடைக்கின்றன.

ரெசிலியன்ஸ் மட்டும் பாக்கி. வடித்த ரபா மீண்டெழும் திறன் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

#20 முகிலினி

அதற்கு சேய்லெநொத்குஸ் என்று ஒரு சொல் உண்டு. நொத்குஸ் வளைந்துகொடுக்கும் தன்மை, முன்னால் இருப்பது 'நிலைத்திருத்தல்'. வளைந்தும் முறியாமல் நிலைப்பது. நாட்டுப் பாதுகாப்பு ஆவணங்களில் நிறையப் பார்க்கலாம். கெர்க்ஸுஸ் என்ற குட்டைச் சொல்லும் ஓடுகிறது, மனநலம் பற்றி எழுதுகிறவர்களிடம் அதிகம். சதுப்புக்கு எது பொருந்தும் என்று உங்கள் தோழியையே கேளுங்கள், இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

ஒரு உச்சரிப்புக் குறிப்பும்: இந்த 'நொ', பொலெவ்கிவியின் 'பொ' இரண்டிலும் வருவது நம் ஒகரம் இல்லை. 'பாக்கு' என்பதன் கடைசி உகரத்தை, உதட்டைக் குவிக்காமல், வாயை இன்னும் கொஞ்சம் திறந்து சொல்லிப் பாருங்கள். அதற்கு மிகப் பக்கத்தில் வரும். வேறு நாட்டுக்காரர்கள் இந்த ஒலிக்கு ரொம்பச் சிரமப்படுவார்கள்.

#21 பொள்ளாச்சி_மணி

கடைசியாக ஒரு சந்தேகம். ஜூன் மாதம் வியாபார விஷயமாக அங்கே வருகிறேன், நாற்றுப்பண்ணை ஒன்றைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார்கள். அனுப்பிய கடிதத்தில் வேலியோரம் 'கருபுத்க்' இருக்கிறது, தொடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கூகுளில் போட்டால் கரடிக் குழாய் என்று வருகிறது. என்ன மிருகம் அது?

#22 ஊசியிலை

மிருகம் இல்லை அண்ணா, செடி. ஆங்கிலத்தில் ஹாக்வீட், அதாவது பன்றிக்களை. எஸ்தோனியத்தில் கரடி. சோவியத் காலத்தில் மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவந்து, இப்போது ஊரெல்லாம் பரவிய வெளிநாட்டு இனம். இப்படிப்பட்ட இனங்களுக்கு இங்கே பொதுப்பெயர் வோர்லீக், 'அந்நிய இனம்'. ஆளைவிட உயரமாக, வெள்ளைப் பூக்கள் குடை விரித்த மாதிரி நிற்கும். சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் நெருப்புச் சுட்டது போலக் கொப்புளிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் துணி சுற்றி வையுங்கள். கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.